இழவும் பழியும்: பழிவாங்கும் படங்களில் துக்கம் எங்கே இருக்கிறது?

ஒரு பழிவாங்கும் படத்தின் கதையை நண்பரிடம் சொல்லச் சொன்னால் நாம் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வோம்: "அவனோட பொண்ணைக் கொன்னுடுவாங்க. அப்புறம் அவன் ஒவ்வொருத்தனா தேடிப் போய்க் கதையை முடிப்பான்." முதல் வாக்கியத்தில் மூன்றே சொற்கள். அந்த மூன்று சொற்களுக்குள் ஒரு பெண்ணின் வாழ்க்கை, அவளுடைய சாவு, ஒரு தகப்பனின் உலகம் இடிந்து விழுந்தது எல்லாமே முடிந்துவிட்டன. மீதிப் படம் முழுக்க இரண்டாவது வாக்கியம்தான்.

ஏராளமான படங்கள் தங்களை இப்படித்தான் கட்டிக்கொள்கின்றன. தொடக்கத்தில் ஒரு சாவு, அதன்பின் இரண்டு மணி நேர வேட்டை. வண்டியைக் கிளப்பச் சாவி வேண்டும், அந்தச் சாவிதான் அங்கே மரணம். ஆனால் துக்கத்தையும் பழியையும் சேர்த்தே பேசும் படங்கள் வேறு வகை. அங்கே அந்த முதல் வாக்கியம் முடிவதே இல்லை. வேட்டை நடக்கும்போதும் அது அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வகையை முதல் முறை பார்ப்பவருக்குச் சில கேள்விகள் வரும்: ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது? வில்லன் செத்த பிறகும் படம் ஏன் முடியவில்லை? நாயகி ஏன் சம்பந்தமில்லாதவர்களிடம் எரிந்து விழுகிறாள்? அந்தக் கேள்விகளோடு திரையரங்கை விட்டு வெளியே வந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விளக்குவதற்காகச் சில படங்களின் முடிவைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே சாவு, இரண்டு பெயர்

துக்கமும் கோபமும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதற்குத் தமிழில் மிகப் பழைய ஒரு விளக்கம் இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. மனதில் இருப்பது உடலில் வெளிப்படும் எட்டு வழிகள் அவை. ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்கள். அழுகை பிறக்கும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது இகழப்படுவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. வெகுளி பிறக்கும் நான்கு: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பை அறுப்பது, குடும்பத்துக்குக் கேடு செய்வது, அலைக்கழித்து வருத்துவது, கொல்வது.

இந்த இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அழுகையின் பட்டியலில் 'இழவு' இருக்கிறது. வெகுளியின் பட்டியலில் 'கொலை' இருக்கிறது. ஒருவரைக் கொன்றுவிட்டார்கள் என்றால், அவரை இழந்தவருக்கு நடந்தது இரண்டும்தான். 'அவள் இல்லை' என்று நினைக்கும்போது அது இழவு. 'அவளைக் கொன்றுவிட்டார்கள்' என்று நினைக்கும்போது அதுவே கொலை. நடந்தது ஒரே சாவு. எந்தப் பெயரால் அதை அழைக்கிறோம் என்பதைப் பொறுத்து அழுகையோ வெகுளியோ வருகிறது.

இந்த வகைப் படங்களைப் புரிந்துகொள்ள எனக்கு இதைவிடப் பயன்பட்ட ஒன்று கிடையாது. பழிவாங்கக் கிளம்பும் நாயகன், நடந்ததைக் கொலை என்று மட்டுமே பார்க்க முடிவு செய்தவன். இழவு என்று பார்க்கத் தொடங்கினால் அவன் உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்தால் அழ வேண்டும். அழுதால், அவள் இனி வரமாட்டாள் என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். கொலை என்று பார்த்தால் அந்த நிமிடம் வராது. எழுந்து நடக்கலாம், விசாரிக்கலாம், திட்டம் போடலாம். செய்ய வேண்டிய வேலை இருக்கும்வரை இழந்தது முழுதாக இழந்ததாகாது.

பழி என்ற சொல்லுக்குள் இருப்பது

'பழி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதற்குக் குற்றச்சாட்டு என்றும் பொருள், பதிலுக்குச் செய்யும் தண்டனை என்றும் பொருள். பழி போடுகிறோம், பழி சுமக்கிறோம், பழி வாங்குகிறோம். மூன்றும் ஒரே பொருளைக் கைமாற்றுவது போலத்தான் இருக்கிறது. ஒரு சாவு நடந்துவிட்டால் 'இது யாரால்?' என்ற கேள்வி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பதில் கிடைக்கும்வரை அந்தப் பழியை யாராவது ஒருவர் சுமந்தாக வேண்டும். பெரும்பாலும் சுமப்பவர் இறந்தவருக்கு மிக நெருக்கமானவர்தான்.

இதைச் சொந்த அனுபவத்தில் அறிந்தவன் நான். என் அப்பா நோயில்தான் இறந்தார். யாரும் கொல்லவில்லை. ஆனாலும் அடுத்த பல வாரங்கள் என் மனம் ஒரு குற்றப்பத்திரிகையை எழுதிக்கொண்டே இருந்தது. அன்று இரவு வண்டி வர எவ்வளவு நேரமானது, முதலில் பார்த்த மருத்துவர் ஏன் அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லவில்லை, உறவினர் ஒருவர் ஏன் 'காலையில் பார்க்கலாம்' என்றார். ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். கடைசியில் பட்டியலில் மிஞ்சியது என் பெயர். அன்று மாலை அவர் 'என்னவோ மாதிரி இருக்குப்பா' என்றபோது நான் போனைப் பார்த்துக்கொண்டு 'ம்' என்று மட்டும் சொல்லியிருந்தேன். மற்ற பெயர்களையெல்லாம் எழுதிப் பார்த்ததே இந்த ஒரு பெயருக்கு வந்துவிடாமல் இருக்கத்தான் என்று அப்புறம்தான் புரிந்தது.

நல்ல பழிவாங்கும் நாடகங்கள் எல்லாவற்றிலும் இந்த 'ம்' எங்கோ ஒளிந்திருக்கிறது. மார்ட்டின் மெக்டோனா 2017இல் எடுத்த 'த்ரீ பில்போர்ட்ஸ் அவுட்சைட் எபிங், மிசௌரி' படத்தில் மில்ட்ரெட் என்ற தாய், தன் மகள் கொடூரமாகக் கொல்லப்பட்டு மாதக்கணக்கில் யாரும் கைதாகாததால், ஊருக்கு வெளியே மூன்று விளம்பரப் பலகைகளை வாடகைக்கு எடுத்துக் காவல்துறைத் தலைவரைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்கிறாள். படம் நெடுக அவளுடைய கோபம் எல்லோர் மேலும் பாய்கிறது. அவள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நாமும் கூடவே போகிறோம். நடுவில் ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். மகள் வெளியே போக அம்மாவிடம் காரைக் கேட்கிறாள். அம்மா தரவில்லை. சண்டையில் வார்த்தை முற்றி, மகளுக்கு நடக்கக் கூடாத அந்த ஒன்றே நடக்கட்டும் என்று இருவருமே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். அன்று அதுவே நடந்துவிடுகிறது.

அந்தக் காட்சி ஓடுவது கொஞ்ச நேரம்தான். ஆனால் அதைப் பார்த்த பிறகு மூன்று பலகைகளும் வேறு மாதிரித் தெரிகின்றன. அவற்றில் எழுதியிருப்பது காவல்துறைக்கான கேள்வி. அவள் தனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி எந்தப் பலகையிலும் எழுத முடியாதது. பழியைச் சுமக்க முடியாமல்தான் அவள் அதை ஊர் முழுக்கப் பங்கிட்டுக் கொடுக்கிறாள்.

இதே காரணத்தால்தான் துக்கம் தேர்ந்தெடுக்கும் குற்றவாளி எப்போதும் சரியான ஆளாக இருப்பதில்லை. மகாபாரதத்தில் அபிமன்யு இறந்தபோது அவனைச் சுற்றி நின்று தாக்கியவர்கள் பலர். ஆனால் மகனை இழந்த அர்ச்சுனன் சபதம் செய்தது ஜயத்ரதன் மேல். மறுநாள் சூரியன் மறைவதற்குள் அவனைக் கொல்வேன், இல்லையென்றால் நானே தீயில் இறங்குவேன் என்றான். ஜயத்ரதன் செய்தது என்ன? அபிமன்யு வியூகத்துக்குள் நுழைந்த பிறகு, பின்னால் வந்த பாண்டவர்களை உள்ளே விடாமல் வாசலில் தடுத்தான். அர்ச்சுனன் அன்று வேறு பக்கம் போருக்குப் போயிருந்தான், மகன் பக்கத்தில் இல்லை. 'கூட யாரும் இல்லையே' என்பதுதான் அந்தத் தகப்பனை அறுத்தது. கூட யாரும் போக முடியாமல் செய்தவன் மேல் பழி விழுந்தது. வாளை எடுத்துக் குத்தியவனைவிட, 'நான் அங்கே இல்லை' என்ற வலிக்கு முகமாக அமைந்தவனைத்தான் துக்கம் தேடிப் பிடிக்கிறது. அந்தச் சபதத்தின் காலக்கெடுவையும் கவனியுங்கள். 'இத்தனை மணிக்குள்' என்று இன்றைய திரைக்கதைகள் கட்டும் பரபரப்பு முழுதும் அதில் இருக்கிறது.

ஆகவே இந்த வகைப் படம் ஒன்றைப் பார்க்கும்போது, வில்லன் யார் என்று தெரிந்தவுடன் இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். இத்தனை பேரில் நாயகன் ஏன் இவனைத் தேர்ந்தெடுத்தான்? பதில் பெரும்பாலும் வில்லனைப் பற்றியதாக இருக்காது.

தள்ளிப்போட்ட சடங்கு

பழி துக்கத்தைத் தள்ளிப்போடுகிறது என்று சொன்னேன். இதை அப்படியே ஒரு காட்சியாக வைத்தவர் ஹோமர். இலியட் காவியத்தில் அக்கிலீஸின் உயிர்த்தோழன் பட்ரோக்ளஸை ஹெக்டர் கொன்றுவிடுகிறான். உடல் வந்து சேர்கிறது. அக்கிலீஸ் கதறுகிறான். ஆனால் அடக்கம் செய்ய மறுக்கிறான். ஹெக்டரை முடித்துவிட்டு வந்துதான் உனக்குச் சடங்கு என்கிறான். ஹெக்டரைக் கொன்ற பிறகும் அவனுக்கு நிம்மதி இல்லை. அன்றிரவு பட்ரோக்ளஸின் ஆவி வந்து, என்னைச் சீக்கிரம் அடக்கம் செய் என்று கேட்கிறது. செத்தவனே வந்து கெஞ்ச வேண்டியிருக்கிறது! சடங்கு முடிந்த பிறகும் அக்கிலீஸுக்குத் தூக்கம் வரவில்லை. ஹெக்டரின் உடலைத் தேரில் கட்டித் தோழனின் சமாதியைச் சுற்றி மறுபடி மறுபடி இழுத்துப் பார்க்கிறான். ஆறவில்லை.

எப்போது ஆறுகிறது? ஹெக்டரின் கிழட்டுத் தகப்பன் பிரியம் இரவில் எதிரியின் கூடாரத்துக்கே வந்து, மகனைக் கொன்ற அதே கைகளை முத்தமிட்டு, உடலைக் கேட்கும்போது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அழுகிறார்கள். ஒருவர் மகனுக்காக, இன்னொருவன் தன் தகப்பனையும் தோழனையும் நினைத்து. கொலை என்ற பெயர் அங்கே உதிர்ந்துவிடுகிறது. இழவு மட்டும் மிஞ்சுகிறது. இந்த வகை நாடகத்தின் முழு வரைபடமும் அந்த ஒரு காவியத்தின் கடைசிப் பகுதியில் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

சிலப்பதிகாரம் இன்னும் ஒரு படி போகிறது. மதுரைக் காண்டத்தின் காதைப் பெயர்களை வரிசையாகப் படித்தாலே போதும்: கொலைக்களக் காதை, ஆய்ச்சியர் குரவை, துன்ப மாலை, ஊர்சூழ் வரி, வழக்குரை காதை, வஞ்சின மாலை, அழற்படு காதை. கொலைக்குப் பின் துன்பம், துன்பத்துக்குப் பின் வழக்கு, வழக்குக்குப் பின் வஞ்சினம், கடைசியில் நெருப்பு. ஒரு திரைக்கதை ஆசிரியர் காட்சி அட்டைகளைச் சுவரில் ஒட்டியது போல இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கண்ணகி வழக்கில் ஜெயித்துவிடுகிறாள். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறிக்கிறது. பாண்டியனின் சிலம்பில் இருந்தது முத்து. தவறு தன்னுடையது என்று தெரிந்த அந்த நொடியே மன்னன் விழுந்து இறக்கிறான். நீதி கிடைத்துவிட்டது, குற்றவாளி செத்தாயிற்று. வெறும் பழிவாங்கும் கதை என்றால் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் வஞ்சின மாலையும் அழற்படு காதையும் அதற்கு அப்புறம்தான் வருகின்றன. மன்னனின் உயிர் போதவில்லை, ஊரே எரிகிறது. 'வில்லன் செத்த பிறகும் ஏன் முடியவில்லை' என்ற கேள்விக்கு நான் கண்ட மிக நேர்மையான பதில் இது. கோவலன் திரும்பி வரவில்லை. அதனால் முடியவில்லை.

துக்கம் விசாரிப்பதும் கொலையை விசாரிப்பதும்

இழவு வீட்டுக்குப் போவதைத் துக்கம் விசாரிப்பது என்கிறோம். போலீஸ் செய்வதையும் விசாரணை என்றே சொல்கிறோம். இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றுதான். என்ன ஆச்சு, எப்போது ஆச்சு, கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்கிறார்கள். இழந்தவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். சொல்லிச் சொல்லித்தான் அது நடந்தது என்பது மனதில் இறங்குகிறது. பழிவாங்கும் நாயகன் முதல் விசாரணைக்கு உட்கார மாட்டான். இரண்டாவது விசாரணையைத் தானே நடத்துவான். யாரும் அவனிடம் கேட்கக் கூடாது, அவன் மட்டுமே கேட்பான்.

இந்தப் படங்களில் சட்டம் தோற்பது ஏறக்குறைய விதி. அதற்கு ஒரு காரணம் வெளிப்படையானது. சட்டம் வென்றுவிட்டால் நாயகனுக்கு வேலை இல்லை. இன்னொன்று அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. நீதிமன்றத்தில் கொலை வழக்கு அரசுக்கும் குற்றவாளிக்கும் இடையில் நடக்கிறது. இழந்த தாய் அங்கே வெறும் சாட்சி. அவளுடைய சொந்தத் துக்கத்தில் அவளுக்கே மூன்றாவது வரிசை நாற்காலி. தீர்ப்பு சரியாகவே வந்தாலும் அந்த இடமாற்றம் வலிக்கும். நீதிமன்றக் காட்சிகளில் வக்கீல்களை விட்டுவிட்டு அந்த நாற்காலியைக் காட்டும் இயக்குநர் இந்த வகையை ஆழமாகப் புரிந்தவர்.

உளவியல் என்ன சொல்கிறது?

துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதியது. திரைக்கதை வகுப்புகளிலும் இது பிரபலம். ஆனால் அவர் அதை எழுதியது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளுடன் பேசிய பிறகு. பிறரை இழந்தவர்களைப் பற்றிய ஆய்வாக அது தொடங்கவில்லை. எல்லோரும் இந்த வரிசையில்தான் ஏறிப் போவார்கள் என்பதும் உண்மை இல்லை. படத்தில் ஒரு பாத்திரம் ஒழுங்காகப் படியேறுவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துவிடும்.

எனக்கு அதிகம் உதவியது மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் 1999இல் முன்வைத்த விளக்கம். இழந்தவர் இரண்டு கரைகளுக்கு நடுவே போய்வந்துகொண்டே இருக்கிறார் என்கிறார்கள். ஒரு கரையில் இழப்பு: அழுவது, ஏங்குவது, புகைப்படத்தை எடுத்துப் பார்ப்பது. மறுகரையில் மீதி வாழ்க்கை: கட்டணம் கட்டுவது, சமைப்பது, இறந்தவர் செய்துவந்த வேலையைக் கற்றுக்கொள்வது. இரண்டும் தேவை. ஒரே கரையில் தங்கிவிட்டால்தான் சிக்கல். பழிவாங்கும் நாயகனுடைய நிலைமை விசித்திரமானது. அவன் ஓடியாடி வேலை செய்வதால் மறுகரையில் இருப்பது போலத் தெரியும். ஆனால் செய்வது முழுக்கச் செத்தவரைப் பற்றியது. இரண்டு கரையும் இல்லாத ஓர் இடத்தில், ஆற்றின் நடுவில் நிற்கிறான். அந்தப் படங்களில் சாதாரணச் சாப்பாட்டுக் காட்சி வந்தால் நாயகன் சாப்பிடுகிறானா, இல்லை தட்டைத் தள்ளி வைக்கிறானா என்று பாருங்கள். பல இயக்குநர்கள் இதை அங்கேதான் சொல்லிவிடுகிறார்கள்.

பழிவாங்கினால் மனம் ஆறுமா என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கெவின் கார்ல்ஸ்மித், டிமோத்தி வில்சன், டேனியல் கில்பர்ட் ஆகிய உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பணம் வைத்து ஆடும் ஒரு குழு விளையாட்டில் ஒருவர் மற்றவர்களை ஏமாற்றுவார். சிலருக்கு அவரைத் தண்டிக்க வாய்ப்பு கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. தண்டித்தால் நன்றாக இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. தண்டித்தவர்கள், வாய்ப்பே கிடைக்காதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். காரணமும் தெரிந்தது. தண்டித்தவர்கள் ஏமாற்றியவரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார்கள், மற்றவர்கள் அவரை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். விளையாட்டில் இழந்த சில்லறைக்கே இப்படி. மகளை இழந்தவர் கொலைகாரனைத் துரத்தும்போது அவர் மனதில் மகளுக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்று நினைத்துப் பாருங்கள். படங்களில் நான் அடிக்கடி பார்க்கும் சோகம் இதுதான்: சுவர் முழுக்க எதிரியின் படங்கள், குழந்தையின் படம் ஒன்றே ஒன்று.

திரையில் எப்படிக் காட்டுகிறார்கள்?

கோபத்தைப் படம் பிடிப்பது சுலபம், அது அசையும். துக்கம் அசையாது. அசையாததைத் திரையில் காட்டச் சினிமா சில வழிகளை வைத்திருக்கிறது.

முதலாவது பொருள். சிலம்பு மாதிரி ஒன்று. இங்மார் பெர்க்மன் 1960இல் எடுத்த 'த வர்ஜின் ஸ்ப்ரிங்' இடைக்கால ஸ்வீடனில் நடக்கும் கதை. ஒரு பெண்ணைக் கெடுத்துக் கொன்ற ஆட்டிடையர்கள், யார் வீடு என்று தெரியாமல் அவளுடைய பெற்றோர் வீட்டிலேயே இரவு தங்க வருகிறார்கள். அவளிடமிருந்து உருவிய உடையை அவளுடைய அம்மாவிடமே விற்கப் பார்க்கிறார்கள். அம்மா அதைக் கையில் வாங்குகிறாள். கத்தவில்லை. கணவனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பதுபோல் அமைதியாக வெளியே வந்து கதவைத் தாழிடுகிறாள். மகள் இறந்த செய்தி அவளுக்கு ஒரு துணியாக வந்து சேர்கிறது. எந்த வசனமும் இதைச் செய்திருக்க முடியாது.

அடுத்தது முகம். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்த ஒரு பழைய சோதனை சினிமா படிக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப், சவப்பெட்டியில் ஒரு குழந்தை, ஒரு பெண் என்று வெவ்வேறு ஷாட்டுகளோடு ஒட்டினார். சூப்புக்குப் பக்கத்தில் பசியையும், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் துக்கத்தையும் பார்த்தவர்கள் உணர்ந்தார்கள். முகம் மாறவே இல்லை. இதனால்தான் துக்கப் பாத்திரத்தில் நல்ல நடிகர்கள் குறைத்து நடிக்கிறார்கள். அவர்கள் வெறுமையாக வைக்கும் முகத்தில் நாம் நம் துக்கத்தைக் கொண்டு போய் வைத்துவிடுகிறோம். நடிகரே எல்லாவற்றையும் அழுதுவிட்டால் நமக்கு இடம் இருக்காது.

அப்புறம் காலம். கிறிஸ்டோபர் நோலன் 2000இல் எடுத்த 'மெமெண்டோ' இதை ஒரு முழுப் படமாகவே செய்கிறது. மனைவியை இழந்த லெனர்டுக்குத் தலையில் பட்ட அடியால் புதிய நினைவு எதுவும் தங்காது. சில நிமிடங்களில் எல்லாம் அழிந்துவிடும். உடம்பில் பச்சை குத்தியும் போலராய்ட் படங்களில் குறிப்பெழுதியும் கொலைகாரனைத் தேடுகிறான். படத்தின் வண்ணக் காட்சிகள் பின்னிருந்து முன்னாக ஓடுகின்றன. புதிர் விளையாட்டு என்று பலர் இதைக் கொண்டாடுவார்கள். எனக்கு அது துக்கத்தின் மிகத் துல்லியமான படம். காலம் நகர்வதையே உணர முடியாதவனுக்குக் காயம் எப்படி ஆறும் என்று அவனே ஒரு காட்சியில் கேட்கிறான். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் அவனுக்கு மனைவி இப்போதுதான் இறந்திருக்கிறாள். பழி ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்று ஒருவர் அவனிடம் சொல்லும்போது, அந்தத் தகவலை வைத்துக்கொள்ள அவன் விரும்பவில்லை. தனக்குத்தானே ஒரு பொய்க் குறிப்பு எழுதி, அடுத்த வேட்டையை ஆரம்பித்துவைக்கிறான். வேட்டை இல்லாமல் அவனால் அடுத்த நிமிடத்துக்குள் போக முடியாது.

ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழி தீரும் காட்சியில் பின்னணி இசை உச்சத்துக்குப் போனால் இயக்குநர் நம்மைக் கைதட்டச் சொல்கிறார். அதே காட்சியில் இசையை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கும் சத்தத்தை மட்டும் விட்டால் நம்மைப் பார்க்கச் சொல்கிறார்.

பழி தீர்ந்த பிறகு

ஒரு படம் எந்த வகை என்பதைக் கடைசிக் கொலைக்கு அடுத்த காட்சியில் கண்டுபிடித்துவிடலாம். வேட்டைப் படங்களுக்கு அடுத்த காட்சி தேவையில்லை. நாயகன் நடந்து வருவான், பின்னால் எரியும், படம் முடியும். துக்கப் படங்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

மகாபாரதத்திலேயே இது இருக்கிறது. தந்தை துரோணர் கொல்லப்பட்ட வஞ்சத்தில் அசுவத்தாமன் இரவில் பாசறைக்குள் புகுந்து தூங்குபவர்களைக் கொல்கிறான். திரௌபதியின் ஐந்து மகன்களும் அதில் போகிறார்கள். அது சௌப்திக பருவம். அதற்கு அடுத்தது ஸ்திரீ பருவம். பெண்கள் போர்க்களத்துக்கு வந்து உடல்களுக்கு நடுவே தங்கள் ஆட்களைத் தேடி அழும் பகுதி. ஜெயித்த பக்கம், தோற்ற பக்கம் என்று அங்கே வித்தியாசம் தெரிவதில்லை.

பெர்க்மனின் படத்தில் தகப்பன் மூவரையும் கொல்கிறான். அதில் ஒருவன் எதுவும் செய்யாத சிறுவன். முடித்துவிட்டுத் தன் கைகளைப் பார்க்கிறான். அதற்குப் பிறகுதான் மகளின் உடலைத் தேடிப் போகிறார்கள். அந்தப் பயணத்தில் அம்மா தன் மனதில் இருந்த பொறாமையைச் சொல்கிறாள், தவறு தன்மேல்தான் என்கிறாள். வீட்டுப் பணிப்பெண்ணும் தான் கெட்டது நினைத்ததைக் கொலைகளுக்கு முன்பே தகப்பனிடம் ஒப்புக்கொண்டிருக்கிறாள். மூன்று பேரைக் கொன்ற பிறகும் பழி வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

தென்கொரிய இயக்குநர் பார்க் சான்-வூக்கின் 'லேடி வெஞ்சன்ஸ்' 2005இல் வந்தது. குழந்தைகளைக் கடத்திக் கொன்ற ஒருவனைப் பிடித்து வைத்து, அந்தக் குழந்தைகளின் பெற்றோரை ஒரு கைவிடப்பட்ட பள்ளிக்கூடத்துக்கு வரவழைக்கிறாள் நாயகி. என்ன செய்யலாம் என்று அவர்களே பேசி முடிவெடுக்கிறார்கள். மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்து தங்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள், மருத்துவரைப் பார்க்கக் காத்திருப்பவர்கள் போல. எல்லாம் முடிந்ததும் ஒரு பேக்கரியில் சேர்ந்து உட்கார்ந்து கேக் சாப்பிடுகிறார்கள். பணயமாகக் கொடுத்த பணத்தைத் திரும்ப அனுப்பச் சொல்லி வங்கிக் கணக்கு எண்ணை எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தக் காட்சியை முதலில் பார்த்தபோது எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. இரண்டாவது முறை பார்த்தபோது அவர்கள் எவ்வளவு களைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. ஆண்டுக்கணக்காகத் தூக்கிச் சுமந்ததைக் கீழே வைத்தாயிற்று. கை காலியாக இருக்கிறது. அதில் பிடித்துக்கொள்ள ஒரு கணக்கு எண்தான் கிடைத்தது.

மில்ட்ரெடின் கதை எங்கே நிற்கிறது என்று இன்னும் சொல்லவில்லை. அவள் மகளைக் கொன்றவன் கடைசிவரை அகப்படவில்லை. சந்தேகப்பட்ட ஒருவன் இந்தக் குற்றத்தைச் செய்தவன் இல்லை என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் அவன் வேறு எங்கோ இதே போன்ற ஒன்றைச் செய்திருக்கிறான் என்று நம்ப இடம் இருக்கிறது. படம் முழுக்க அவளுக்கு எதிரியாக இருந்த போலீஸ்காரனும் அவளும் ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, அவன் இருக்கும் ஊருக்குக் காரில் கிளம்புகிறார்கள். கொஞ்ச தூரம் போன பிறகு, அவனைக் கொல்வதில் நிச்சயமாக இருக்கிறாயா என்று பேச்சு வருகிறது. இரண்டு பேருக்குமே அவ்வளவு நிச்சயம் இல்லை. வழியில் யோசித்து முடிவு செய்துகொள்ளலாம் என்கிறாள் அவள். சாலை முன்னால் நீள்கிறது, கார் போய்க்கொண்டிருக்கிறது.